பர்மா மேஜை

பகல் மாணவர்கள் ஜப்பானையும் எகிப்தையும் அமெரிக்காவையும் எடுத்துக்கொண்ட பிறகு, மாலை வகுப்புக்கு மிஞ்சியது பர்மா.

நாங்கள் பதினொரு பேர். பகலில் ஆளுக்கொரு வேலை. மாலை ஆறு மணிக்குக் கோட்டைக்குள் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் வகுப்பு. எல்லோரும் மார்ச் மாதம் பள்ளியிறுதிப் பரீட்சையைத் தனியாக எழுத வேண்டியவர்கள். நான் வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை பரீட்சை எழுதி, இரண்டு முறையும் தவறியவன். மூன்றாவது முறையும் தவறினால் பாறசாலைக்கே திரும்பி வந்துவிட வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். அந்தக் கடிதம் என் நாட்குறிப்பில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

1953 அக்டோபர் 5, திங்கள்கிழமை. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். எங்கள் ஆசிரியர் நாகேஸ்வரன் சார் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"கேட்டோ நாகேஸ்வரன், இந்த ரூம் என்.சி.சி. சாமான் வைக்க வேணும்னு கமிட்டி சொல்லுது. நான் எத்தனை நாள் தடுக்கும்? இருபத்திநாலாம் தேதி ஐக்கிய நாடுகள் தினத்துக்கு உலகக் கண்காட்சி வைக்கிறோம். கமிட்டித் தலைவர் மேஜர் வருவார். உங்க பிள்ளைகளும் ஒரு மேஜை போடட்டும். மேஜருக்குப் பிடிச்சா மார்ச் வரை ரூம் உங்களுக்கு. பிடிக்கல்லேன்னா, பின்னே என் கையிலே ஒண்ணுமில்ல."

"எந்த நாடு சார்?" என்று நாகேஸ்வரன் சார் கேட்டார்.

"பர்மா பாக்கி இருக்கு."

பர்மா ஏன் பாக்கி இருந்தது என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேஜர் யுத்த காலத்தில் இரண்டு வருஷம் பர்மாவில் இருந்தவர். அங்கே இருந்தவர் முன்னால் போய் நின்று அந்த நாட்டைப் பற்றிச் சொல்லப் பகல் மாணவர் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"எழுதறதுக்கு சத்தியநேசன் இருக்கான். அவன் பாத்துப்பான்" என்றார் சார். என்னைத்தான் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அது ஒன்றுதான் என்னிடம் நிச்சயமாக நன்றாக இருப்பது.

நான் ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு தலைப்பு எழுதினேன். உடை, உணவு, வீடு, வழிபாடு, பண்டிகை, மரியாதை செய்யும் முறை. மூன்று நாள் பப்ளிக் லைப்ரரியில் உட்கார்ந்தேன். ஒரு புத்தகம் பர்மாக்காரர்கள் எப்போதும் சிரிக்கிறவர்கள் என்றது. இன்னொன்று அவர்கள் அதிகம் பேசாத, துக்கமுள்ள ஜனங்கள் என்றது. இரண்டையும் எழுதிக்கொண்டேன். எதை அடிப்பது என்று தெரியவில்லை.

"ஏல நகலு, புஸ்தகத்த மூடு" என்றான் ஆறுமுகநயினார். எங்கள் வகுப்புக்காரன். சாலைக் கடைத்தெருவில் அவன் அப்பா குற்றாலலிங்கத்துக்குப் பலசரக்குக் கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் அந்த வீட்டில் பேச்சு மாறவில்லை. "எங்க சித்தி இருவது வருசம் ரங்கோன்ல இருந்தவுக. வா, கேட்டு எழுதிக்கோ. மேஜர் ரெண்டு வருசம்தான இருந்தாரு? பத்து மடங்கு நம்ம கையில இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். நயினாரின் அம்மா சிவகாமியம்மாள் காப்பி கொண்டுவந்தார். எல்லோருக்கும் பித்தளைத் தம்ளர், எனக்குக் கண்ணாடித் தம்ளர். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். குடித்துவிட்டுக் கிணற்றடியில் நானே கழுவிக் கவிழ்த்து வைப்பேன்.

சித்தி உலகம்மை கதவு ஓரத்தில் நின்றார். நாற்பத்தேழு நாற்பத்தெட்டு வயதிருக்கும். 1942 ஜனவரியில் கப்பலேறி வந்தவர். பின்னால் தரை வழியாக நடந்து வந்த அவர் கணவர் வந்து சேரவில்லை. அன்று முதல் கணவரின் அண்ணன் வீடான இங்கேதான் இருக்கிறார்.

நான் நோட்டைத் திறந்து, "பர்மாவிலே என்ன பண்டிகை முக்கியம் அம்மா?" என்றேன்.

"தைப்பூசம். காவடி எடுப்பாக. ஊர்லகூட அப்படி நான் பாத்ததில்ல தம்பி."

"அது நம்ம ஆளுகளாக்கும். பர்மாக்காரங்களுக்கு?"

அவர் யோசித்தார். "சித்திரையில தண்ணி ஊத்திக்கிடுவாக. தெருவெல்லாம் தண்ணி. அன்னைக்கு நாங்க கதவப் பூட்டிக்கிடுவோம்."

"அவங்க வீடு உள்ளே எப்படி இருக்கும்?"

"உள்ளயா? நான் எங்க போனேன்?"

"என்ன சாப்பிடுவாங்க?"

அவர் வாய் திறப்பதற்குள், சாய்வு நாற்காலியில் படுத்திருந்த குற்றாலலிங்கம் பதில் சொன்னார். "அதை இவகிட்ட கேக்காதீரும். எங்க வீட்டுப் பொம்பள அங்க பச்சத்தண்ணி வெளிய வாங்கிக் குடிச்சதில்ல. இருவது வருசம். அதனாலதான் திரும்பி வந்தப்ப அடுக்களைக்குள்ள விட்டோம். கடல் தாண்டினவ கைச்சோறு தின்னுதான்னு பேசினவன் எல்லாம் இந்தத் தெருவுல உண்டு. நான் எல்லாருக்கும் பதில் சொன்னேன்."

நான் 'உணவு' என்ற பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். எனக்குக் குழப்பமாக இருந்தது. இருபது வருஷம் ஓர் ஊரில் இருந்தவருக்கு அந்த ஊர் தெரியவில்லை என்றால், மூன்று நாள் லைப்ரரியில் இருந்த எனக்கு என்ன தெரியும்? பிறகு தோன்றியது: நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்தத் தெருவில் எந்த வீட்டின் அடுக்களை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் என்ன எழுதுவேன்?

புறப்படும்போது உலகம்மை ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். வட்டமான பெட்டி, சிவப்பும் கறுப்புமாக அரக்குப் பூசி, ஊசியால் கீறியதுபோல நுணுக்கமான கொடிகள். திறந்தால் உள்ளே ஐந்து அறைகள்.

"இதக் கொண்டுபோய் வையி தம்பி. பக்கத்து வீட்டு மா தீன் குடுத்தது. தேயில ஊறுகா வைக்கிற பெட்டி."

"தேயிலையை ஊறுகாய் போடுவாங்களா?"

"போடுவாக. வெள்ளுள்ளி, எள்ளு, பருப்பெல்லாம் வறுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுவுல அதை வைப்பாக."

"எப்படி இருக்கும் அம்மா?"

அவர் ஒரு கணம் நாற்காலியின் பக்கம் பார்த்தார். "எனக்கு என்ன தெரியும்? கண்ணால பாத்ததுதான்."

நயினாருக்கு அது போதும். தெருமுனைக்கு வருவதற்குள் தீர்மானித்துவிட்டான். "ஏல, வெறும் பெட்டிய வச்சா யாரு பாப்பா? ஊறுகாயப் போட்டே வைப்போம். மேஜர் வாயில ஒரு துண்டு போட்டா ரூம் நமக்கு."

"செய்முறை?"

"ஊறுகாய்க்குப் பலசரக்குக் கடைக்காரன் மவன்ட்ட செய்முறை கேக்குத பாரு!"

தூளில் ஊறுகாய் போட முடியாது, பச்சை இலை வேண்டும். என் அத்தை மகன் யோசுவா பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். அவனுக்குக் கார்டு போட்டுவிட்டு, புதன்கிழமை லீவு சொல்லி, நானும் நயினாரும் விதுரா வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கல்லாற்றுக்கு நடந்தோம். யோசுவா ஆற்றங்கரைக் கடையில் ஒரு கோணிப் பையுடன் காத்திருந்தான்.

"ஊறுகாய்க்கா? பர்மாவிலே மாங்கா கிடையாதோ?" என்றான்.

"உண்டு போலத்தான் இருக்கு" என்றேன். அதையும் நான் எங்கும் படித்திருக்கவில்லை.

"நாங்க இங்கே இலையை நுள்ளி நுள்ளி விரல் கறுத்துக் கிடக்கோம், இதைத் தின்னணும்னு ஒருத்தனுக்கும் தோணல்லியே மச்சான்."

ஊர் திரும்பியதும் நயினார் தன் அப்பா கடையின் பின்கட்டில் இலையை வேகவைத்துப் பிழிந்தான். நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. மிளகாய்ப்பொடி, வறுத்த வெந்தயம், கடைசியில் பெரிய கட்டிப் பெருங்காயத்தைப் பொரித்துப் பொடித்து அள்ளிப் போட்டான்.

"பர்மாவிலே காயம் போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"காயம் இல்லாம ஊறுகாயால? பர்மாக்காரன் என்ன, மனுசன் இல்லியா?"

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மேஜைக்கு வைக்க வேண்டிய அட்டைகளையெல்லாம் நானே எழுதினேன். பெட்டிக்கு முன்னால் ஒரு சிறிய அட்டை: 'பெட்டி உதவியவர்: திருமதி உலகம்மை, ரங்கூனில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்.' ஊறுகாய்க்கு முன்னால் பெரிய அட்டை: 'பர்மிய மக்கள் விரும்பி உண்ணும் தேயிலை ஊறுகாய்.' அதை எழுதி முடித்தபின் கை நிற்கவில்லை. எங்கள் ஆபீசில் எந்த நகலும் 'ஒத்துப் பார்க்கப்பட்டது' என்று அடியில் எழுதி முன்னெழுத்துப் போடாமல் வெளியே போகாது. ஒத்துப் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்ட ஒரு நாள் வக்கீல் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்திருக்கிறார். அட்டையின் அடியில் சின்ன எழுத்தில், 'செய்முறை உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினேன்.

நாகேஸ்வரன் சார் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "ஏண்டா, இது கண்காட்சியா கோர்ட்டா? சரி, எறும்பு மாதிரின்னா இருக்கு, யார் படிக்கப்போறா. இருந்துட்டுப் போறது."

"நீங்க ஒரு துண்டு ருசி பாருங்க சார்" என்றான் நயினார்.

"நான் வெளியில சாப்பிடறதில்லைன்னு நோக்குத் தெரியாதோ?" என்று சார் இரண்டடி பின்னால் போனார்.

சனிக்கிழமை கண்காட்சிக்கு நல்ல கூட்டம். ஜப்பான் மேஜையில் பழவங்காடியில் வாங்கிய காகித விசிறிகள். எகிப்து மேஜையில் செங்கல்பொடியில் ஒரு பிரமிடு. எங்கள் மேஜையில் உலக வரைபடம், என் அட்டைகள், பெட்டி. நடு அறையில் ஊறுகாய், சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், பருப்பு, தேங்காய்ச் சில்லு. குடும்பத்தாரும் வரலாம் என்பதால் குற்றாலலிங்கம் மனைவியையும் தம்பி மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். உலகம்மை குனிந்து பெட்டியின் ஐந்து அறைகளையும் பார்த்தார்.

நாலரை மணிக்கு மேஜர் வந்தார். பின்னால் ஹெட்மாஸ்டர். ஜப்பானில் தலையசைத்தார், எகிப்தில் நிற்காமல் நடந்தார். எங்கள் மேஜைக்கு வந்ததும் மீசை உயர்ந்தது.

"ஓ! பர்மா!"

நயினார் வாழையிலைத் துண்டில் ஊறுகாயை வைத்து நீட்டினான். மேஜர் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். காய வாசனை எனக்கே வந்தது.

"இதுதன்னே!" என்றார். "மாண்டலேயில் நான் தின்ன அதே ஊறுகாய். எட்டு வருஷமாச்சு ஹெட்மாஸ்டர், அந்த ருசி அப்படியே இருக்கு. யாரு செய்தது இது? பலே!"

ஹெட்மாஸ்டர் சிரித்தார். நாகேஸ்வரன் சார் சிரித்தார். நயினார் என் காலை மிதித்தான். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மேஜர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அட்டையைப் படித்தார். அடிவரை படித்தார்.

"உறுதி செய்யப்படவில்லை. யாரு எழுதியது?"

"நான்தான் சார்."

"யாரு உறுதி செய்யணும்? நான் செய்யறேன். அடிச்சுவிடு."

அடித்திருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் ஒத்துப் பார்க்காததை ஒத்துப் பார்த்ததாக விடக் கை வரவில்லை. "சார், அதிலே காயம் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"அதனாலே?"

"பர்மாவிலே காயம் உண்டோ என்னமோ, எங்களுக்குத் தெரியாது சார். இது எங்க ஊர் ஊறுகாய் மாதிரி எங்களுக்குத் தோணினபடி போட்டது."

மேஜரின் முகம் சிவந்தது. "நானல்லே அங்கே இருந்தது? நீயோ? நான் தின்னது எனக்குத் தெரியாது, இந்தப் பையனுக்குத் தெரியும், அப்படியல்லே?"

சுற்றி நின்றவர்கள் எங்கள் மேஜைப் பக்கம் திரும்பினார்கள். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் அறை, பெஞ்சு, கரும்பலகை எல்லாம் போய்விட்டது தெரிந்தது. அவர் அவசரமாக மேஜை முழுவதும் கண்ணை ஓட்டினார். சிறிய அட்டை கண்ணில் பட்டது.

"ரங்கூனில் இருந்த அம்மா இங்கே உண்டோ? அவங்ககிட்ட கேட்டா ஆச்சல்லே!"

யாரோ உலகம்மையைக் காட்டிவிட்டார்கள். நயினார், "சித்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். குற்றாலலிங்கம், "அவளுக்குத் தெரியாது சார். அவ அங்க ஒண்ணும்..." என்றார்.

"அம்மா சொல்லட்டும்" என்றார் மேஜர்.

நயினார் கொடுத்த இலையை உலகம்மை வாங்கிக்கொண்டார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். என்னைப் பார்த்தார், பிறகு மேஜரைப் பார்த்தார்.

"ஆமா. இதேதான். நான் அங்க தின்னிருக்கேன்."

"கேட்டோ! சாட்சியும் ஆச்சு!" என்று மேஜர் என் முதுகில் தட்டினார். கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. நான் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் அந்த வரியை அடித்தேன். ஹெட்மாஸ்டர் அவர் காதில் ஏதோ சொன்னார். "பின்னே! மார்ச் வரை படிக்கட்டும். என்.சி.சி. சாமான் வராந்தாவில் இருக்கட்டும்" என்று மேஜர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எங்கள் பதினொரு பேரில் ஒன்பது பேர் கை தட்டினார்கள். நயினாரும் நானும் தட்டவில்லை.

குற்றாலலிங்கம் எகிப்து மேஜை முன்னால் போய்ப் பிரமிடைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவகாமியம்மாள் உலகம்மையின் பக்கத்திலிருந்து நகர்ந்து கணவர் அருகில் போனார்.

அன்று நாட்குறிப்பில், 'அறை கிடைத்தது' என்று எழுதினேன். அடுத்த வரி எழுத வரவில்லை. மேஜர் பொய் சொன்னாரா, மறந்துவிட்டாரா, மாண்டலேயில் ஏதாவது தமிழன் கடையில் தின்றாரா? உலகம்மை சொன்னது உண்மையா? உண்மையென்றால் எங்கள் ஊறுகாய் சரி. ஆனால் வீட்டில் பதினொரு வருஷமாகச் சொன்னது பொய். பொய்யென்றால், அப்படி ஒரு பொய்யை ஏன் சொல்ல வேண்டும்?

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. சிவகாமியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார். நயினாருக்குப் பித்தளைத் தம்ளர். கண்ணாடித் தம்ளர் இரண்டு. ஒன்று எனக்கு. மற்றதை உலகம்மை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அம்மா, என்னாலதானே இப்படி ஆச்சு. நான் அந்த வரியை எழுதாம இருந்திருந்தா..."

"இருந்திருந்தா என்ன? காப்பி நல்லாத்தான் இருக்கு, குடி."

"நேத்து நீங்க சொன்னது..."

"அது இல்ல தம்பி. நயினாரு போட்டது அது இல்லவே இல்ல. காயமாவது ஒண்ணாவது! அது புளிப்பா, கசப்பா, எண்ணெயில வழவழன்னு இருக்கும்."

"அப்போ தின்னது உண்மை."

"ஒரே ஒரு தடவ." அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அவ அடுப்பில புளிக்க வச்ச மீன்விழுது வேகுத நாத்தம் எங்க வீட்டுக்குள்ள வரும். அதுக்கு ஏழு வருசம் அவகூடச் சண்ட. சன்னலச் சாத்துவேன், அவ கேக்கும்படியாச் சாத்துவேன். கப்பலுக்குப் புறப்பட்ட அன்னைக்கு இந்தப் பெட்டி நிறையக் கொண்டாந்து ரெண்டு கையாலயும் நீட்டுனா. அதுல ஒரு வாய் எடுத்துத் தின்னா சண்ட தீந்துதுன்னு அர்த்தமாம். எதிர்த்த வீட்டுச் செட்டியாரம்மா சொன்னாக. குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு. தின்னுட்டேன்."

"அதை நேத்து சொல்லாம, தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ தெரியாதுன்னு சொன்னதுக்குத்தான அந்த மனுசன் அப்படிச் சத்தம் போட்டாரு?" என்றார். பிறகு, "அந்த இலை இன்னும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகக் கல்லாற்றுக்குப் போய் வந்தேன். உலகம்மை இலையை ஆவியில் வேகவைத்து, கையால் கசக்கி, யோசுவா வெட்டிக் கொடுத்த மூங்கில் குழாயில் இறுக்கி அடைத்தார். கிணற்றுக்குப் பின்னால் நயினார் குழி தோண்டினான். எத்தனை நாள் புதைத்து வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அவ செய்யும்போதெல்லாம் நான் சன்னலச் சாத்திட்டுல்ல இருந்தேன்."

"பரீட்சை முடிஞ்சதும் தோண்டுவோம்" என்றான் நயினார். "எவன் முதல்ல வாயில வைக்கது?"

"நான்தான்" என்றார் உலகம்மை. "எனக்கு இனி என்ன?"

குழியை மூடி, அடையாளத்துக்கு ஒரு செங்கல்லை வைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து சிவகாமியம்மாள் அடுக்களைச் சன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாத்தவில்லை. என்ன புதைக்கிறோம் என்றும் கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, 'உணவு' பக்கத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்ததை அடிப்பதா விடுவதா என்று யோசித்தபடி நான் செங்கல் பக்கத்திலேயே நின்றேன்.